மழைச் சொலவடைகள்: வாசகர் கேள்வி பதில்

எறும்பு, ஈசல், நிலா வட்டம், ஈசானி (வடகிழக்கு) மூலை மின்னல் என்று மழைக்குறி சொல்லும் பழமொழிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். படிக்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொலவடைக்கும் சொந்த ஊர் ஒன்று உண்டு, சொந்த மாதமும் உண்டு. அந்த ஊரில், அந்த மாதத்தில் அது நன்றாக வேலை செய்யும். ஊரும் மாதமும் மாறினால் ஏமாற்றும்.

"கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்பது உண்மையா? எது கிட்ட, எது எட்ட என்று எப்படிப் பிரிப்பது?
(வாசகர், சீர்காழி)

பெருமளவு உண்மை. நிலாவைச் சுற்றித் தெரிவது ஒரே பொருள் அல்ல. வெவ்வேறு மேகங்கள் உண்டாக்கும் இரண்டு வகை வட்டங்கள்.

பிரிக்கும் வழி எளிது. கையை முழுக்க நீட்டி விரல்களை விரியுங்கள். கட்டைவிரல் நுனியை நிலாவின் மேல் வையுங்கள். சுண்டுவிரல் நுனி போய்த் தொடும் இடத்தில் வட்டம் ஓடினால் அது எட்ட வட்டம். அதன் ஆரம் 22 பாகை. எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய திரையாகப் படர்ந்த பனித்துகள் மேகத்தில் நிலவொளி வளைவதால் இது உண்டாகிறது. துகள்கள் அறுகோண வடிவம் கொண்டவை. அதனால்தான் எந்த ஊரில் பார்த்தாலும் அளவு மாறுவதில்லை. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போது அதன் உச்சியிலிருந்து இந்தத் திரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முன்னே ஓடி வரும். மழை மேகம் பின்னால் வரும். ஐப்பசி, கார்த்திகையில் எட்ட வட்டம் கண்டு ஒன்று இரண்டு நாளில் மழை பிடிப்பது இதனால்தான்.

கிட்ட வட்டம் நிலாவை ஒட்டினாற்போல், நிலாவின் அகலத்தைப்போல சில மடங்கே இருக்கும். ஓரத்தில் பழுப்புச் சிவப்பு தெரியும். இது நீர்த்துளி மேகத்தின் வேலை. நடு உயரத்தில் மெல்லிய மேகத் துண்டு ஒன்று நிலாவைக் கடந்தாலே போதும். அதற்குப் பின்னால் மழை மண்டலம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "எட்ட மழை" என்று முன்னோர் தள்ளி வைத்தது சரிதான்.

பொய்க்கும் இடங்கள் இரண்டு. ஆனி முதல் ஆவணி வரை நம் தலைக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. அது எங்கிருந்தோ பனித்துகள் மேகத்தை இழுத்து வந்து பரப்பும். வட்டம் அழகாகத் தெரியும்; மழை வராது. இன்னொன்று, கார்த்திகையிலேயே தாழ்வு மண்டலம் ஆந்திரக் கரைக்குத் திரும்பிவிட்டால் திரை மட்டும் நமக்கு, மழை அவர்களுக்கு. ஆகவே வட்டத்தைக் கண்டதும் காற்றையும் பாருங்கள். எப்படி என்பதை மின்னல் பற்றிய கேள்வியில் சொல்கிறோம்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறது, தட்டான் தாழப் பறக்கிறது, அந்தியில் ஈசல் புறப்படுகிறது. மூன்றில் எதை நம்பி விதைக்கலாம்?
(வாசகர், பரமக்குடி)

விதைப்பதற்கு மூன்றையும் நம்ப வேண்டாம். காயப்போட்ட மிளகாய் வற்றலை உள்ளே எடுத்து வைக்க நம்பலாம்.

எறும்பு தூக்கிப்போகும் வெள்ளை மணிகளில் பெரும்பகுதி முட்டை அல்ல, புழுவும் கூட்டுப்புழுவும். புற்றுக்குள் ஈரம் ஏறினாலும் சூடு ஏறினாலும் அவற்றை இடம் மாற்றும். நீங்கள் தண்ணீர் பாய்ச்சிய பாத்தியோரம் எறும்பு நகர்ந்தால் அது உங்கள் வாய்க்காலுக்குப் பயந்து நகர்கிறது. பத்து நாளாக நீர் படாத மேட்டுக் காட்டில், பல புற்றுகளில் ஒரே நாளில் நகர்வு தெரிந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள்.

தட்டான் இரையைத் தேடிப் பறக்கிறது. காற்று அடங்கிப் புழுக்கம் ஏறும்போது கொசுவும் சிறு பூச்சிகளும் தரையை ஒட்டி மொய்க்கும். தட்டானும் கீழே இறங்கும். இடிமழைக்கு முந்தைய புழுக்கம் அதேதான். ஆனால் ஐப்பசியில் கூட்டங்கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான்களின் கதை வேறு. அவை வடகிழக்குக் காற்றில் ஏறி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை போகும் பயணிகள் என்று 2009-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தக் கூட்டம் நாளைய மழையைச் சொல்லவில்லை, பருவக்காற்று திரும்பிவிட்டதைச் சொல்கிறது. அதுவும் உபயோகமான சேதி.

மூன்றில் ஈசல்தான் நம்பத்தக்கது. "அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்" என்பது கவனித்துச் சொன்ன சொல். கறையான் புற்றில் சிறகு முளைத்தவை தயாராகக் காத்திருக்கும். முதல் நல்ல மழை பெய்து மண் இளகி, காற்று அசையாமல், ஈரப்பதம் நிறைந்திருக்கும் வேளையில்தான் வெளியேறும். மண் காய்ந்திருந்தால் புதிய இணை தரையைத் துளைத்துக் குடியேற முடியாதே! ஈசல் வந்ததென்றால் ஒரு மழை ஏற்கெனவே பெய்துவிட்டது. ஈரக்காற்று இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை என்று பொருள். தொடர் மழைக்கு வாய்ப்பு அதிகம்.

விதைப்புக்கு வருவோம். மானாவாரி நிலத்தில் பெரிய ஆபத்து, விதையை முளைக்க வைத்துவிட்டு இரண்டு வாரம் காணாமற்போகும் ஏமாற்று மழை. வானத்துக் குறிக்குப் பதிலாக மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மழை விட்ட மறுநாள் நிலத்தில் நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் வெட்டி, ஈரமண்ணும் காய்ந்த மண்ணும் சேரும் கோட்டை அளக்கவும். ஒரு சாண் இறங்கியிருந்தால் உழவு மழை. நாலு விரற்கடையில் நின்றிருந்தால் பொறுங்கள். கரிசலில் வெடிப்பு வழியாக நீர் இறங்கி ஏமாற்றும் என்பதால் வெடிப்பில்லாத இடத்தில் வெட்டுவது முக்கியம்.

தவளை கத்தினால் மழை வருமா?
(வாசகி, திண்டிவனம்)

கத்துவது ஆண் தவளை, பெண்ணை அழைக்கிறது. முட்டையிட நீர் வேண்டும் என்பதால் மழைக்குப் பிறகும், மழை ஈரம் காற்றில் நிறைந்தபோதும் கத்தும். பாதி நேரம் அது பெய்த மழைக்கான பதில். காய்ந்த குளத்தருகே, மழை விட்டுப் பல நாள் கழித்துத் திடீரென்று கத்தல் எழுந்தால் மட்டும் குறியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஈசானி மூலையில் மின்னினால் மழை நிச்சயம் என்பார் என் மாமனார். எங்கள் வீடு சென்னைப் புறநகரில். ஆவணி மாதத்தில் மேற்கே மின்னித்தான் மழை வருகிறது. யார் சொல்வது சரி?
(வாசகி, திருநின்றவூர்)

உங்கள் மாமனார் சொல்வது ஐப்பசிக்குச் சரி. நீங்கள் பார்ப்பது ஆவணிக்குச் சரி.

மின்னல் எந்தத் திசையில் தெரிந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த மேகத்தை இந்த மாதத்துக் காற்று நம்மை நோக்கித் தள்ளுமா? அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் மேகம் கடலிலிருந்து ஈசானியம் வழியாகக் கரையேறும். அப்போது ஈசானி மின்னல் நமக்கு வரும் மழை. ஆனி, ஆடி, ஆவணியில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளில் மேகத்தைத் தள்ளும் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. பிற்பகல் வெயிலில் வேலூர், சித்தூர்ப் பக்கம் இடிமேகம் எழும்பி, இரவில் கிழக்கே நகர்ந்து உங்கள் ஊருக்கு வருகிறது. அந்த மாதங்களில் ஈசானியில் மின்னினால் அது உங்களைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்ட மழையாகவே இருக்கும்.

தூரத்தை அளக்க, மின்னியதிலிருந்து இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். இடி ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்கு மேல் கேட்காது. மின்னலோ இரவில் நூறு கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். ஓசையில்லாத மின்னல் ஒன்றைக் கண்டு துணியை எடுக்க ஓட வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் வருகிறது. 30 விநாடிக்குள் இடி கேட்டால் வயலிலோ மொட்டைமாடியிலோ நிற்கக்கூடாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். மரத்தடியில் ஒதுங்குவதால் நம் மாவட்டங்களில் ஆண்டுதோறும் உயிர் போகிறது. இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இனி காற்று. பழந்தமிழில் வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. கார்த்திகையில் திறந்த வெளியில் நின்று காற்று முதுகில் படும்படி திரும்புங்கள். தாழ்வு மண்டலம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். ஈசானியக் காற்று முதுகில் பட்டால் இடக்கை தென்கிழக்கைக் காட்டும்: கடலில் உருவானது நம்மை நோக்கி வரும் நிலை. காற்று வடக்குக்குத் திரும்பிப் பின் வடமேற்காக மாறினால் அது உங்களுக்கு வடகிழக்கே போய்விட்டது. பெரும்பாலும் வானம் வெளுக்கும். புயல் வெகு அருகில் கடக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு தவறும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி நகர்ந்தபோது வடக்கு, வடமேற்குக் காற்றிலேயே ஊர் மூழ்கியது. கட்டிடங்களுக்கு நடுவே காற்று சுழலும் என்பதால் மாடியிலோ ஏரிக்கரையிலோ பாருங்கள். தாழ்ந்த மேகத்தின் ஓட்டம் இன்னும் நம்பகமானது.

மாலையில் செவ்வானம் இருந்தால் மறுநாள் மழை இல்லை என்று ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் பையன் படிக்கிறான். இங்கே பொருந்துமா?
(வாசகி, நாகர்கோவில்)

அது மேற்கிலிருந்து வானிலை வரும் நாடுகளின் சொல். மத்தேயு சுவிசேஷம் 16-ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது: அந்தியில் செவ்வானமிட்டால் வெளிவாங்கும், விடியலில் செவ்வானமும் மந்தாரமுமாயிருந்தால் காற்றும் மழையும். பாலஸ்தீனத்துக்கு மழை மத்தியதரைக் கடலிலிருந்து, மேற்கேயிருந்து வருவது. மாலைச் சூரியன் சிவப்பாக ஒளிவிட முடிகிறதென்றால் மேற்கே மேகம் தடுக்கவில்லை. ஆகவே நாளை வானம் தெளிவு. கணக்கு அங்கே கச்சிதம்.

நமக்குக் கார்த்திகை மழை கிழக்கேயிருந்து வருகிறது. மேற்கு வானம் சிவந்து தெளிவாக இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் கடலில் மேகம் திரளலாம். அதோடு, தாழ்வு மண்டலத்தின் பனித்துகள் திரை அந்தி ஒளியில் பற்றி எரிவதுபோலச் சிவக்கும். அந்த மாதங்களில் வழக்கத்துக்கு மீறிய செவ்வானம் எச்சரிக்கையாகவே எடுக்கத்தக்கது. உங்கள் குமரி மாவட்டம் ஆனி, ஆடியில் மேற்குக் கடல் மழையையும் வாங்கும் ஊர். அந்தப் பருவத்தில் மட்டும் பையனின் பாடம் ஓரளவு பொருந்தும்.

"ஆடிக் காத்தடிச்சா ஐப்பசியில் மழை" என்று எங்கள் கொங்குப் பக்கம் சொல்வார்கள். இந்த ஆண்டு காற்று பலம். மழையும் பலமா?
(வாசகர், பல்லடம்)

ஆடிக்காற்று அரபிக்கடலிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைப் பிளந்துகொண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று. ஐப்பசி மழை வங்கக்கடல் தருவது. ஒன்று பலமானால் மற்றது பலமாகும் என்று கட்டாயம் இல்லை. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நாட்டளவில் தளரும் போக்கு உண்டு. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழைக்கோ அதே எல் நினோ பெரும்பாலும் கை கொடுக்கிறது. 2015 அப்படிப்பட்ட ஆண்டு. அதாவது பழமொழிக்கு எதிர்த்திசையில் போகும் ஆண்டுகளும் உண்டு.

ஆனால் சொன்னவர்கள் மாதக் கணக்கைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆடியில் காற்று, ஐப்பசியில் மழை என்பது கொங்கின் ஆண்டு ஒழுங்கு. இடையே புரட்டாசி: "பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்." பகலில் சுட்டெரித்து மாலையில் இடியோடு கொட்டும் மாதம் அது, ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் தூறாது. இந்தப் பழமொழியை மாதத்தின் குணமாகப் படியுங்கள், இந்த ஆண்டின் அளவாகப் படிக்க வேண்டாம்.

மூன்றாம் பிறையின் வடகொம்பு உயர்ந்திருந்தால் மழையும் விளைச்சலும், தென்கொம்பு உயர்ந்தால் பஞ்சம் என்கிறார்களே?
(வாசகர், அறந்தாங்கி)

பிறையின் ஒளிவிளிம்பு எப்போதும் மறைந்த சூரியனைப் பார்த்தே இருக்கும். நிலா, சூரியன் மறைந்த இடத்துக்குத் தெற்கே சாய்ந்து நின்றால் வடகொம்பு உயரும். வடக்கே நின்றால் தென்கொம்பு உயரும். நம் அட்சரேகையில் புரட்டாசி, ஐப்பசி மாலைப் பிறை தெற்கே நன்றாகச் சாய்ந்து நிற்கும். எனவே அந்த மாதங்களில் ஆண்டுதோறும் வடகொம்பு தூக்கலாகத் தெரியும். மாசி, பங்குனியில் பிறை ஏறத்தாழத் தோணி போலக் கிடக்கும், தென்கொம்பு சற்று ஓங்கும். வடகொம்பு ஓங்கும் காலம் மழைக்காலமாகவும், தென்கொம்பு ஓங்கும் காலம் கோடையின் வாசலாகவும் அமைந்துவிட்டது. பிறை பருவத்தைச் சரியாகக் காட்டுகிறது. இந்த ஆண்டு மழை கூடுமா குறையுமா என்பதை அது காட்டாது. 2016-இலும் வடகொம்பு ஓங்கித்தான் இருந்தது; அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுதும் வறட்சி அறிவிக்கப்பட்டது.

வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்கும் என்ற சங்ககால நம்பிக்கைக்கும் இதே பதில்தான். வெள்ளியின் போக்கு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். மழை அந்தக் கணக்கில் திரும்புவதில்லை.

"பனி பெய்தால் மழை இல்லை" – அறுவடைக்கு இதை வைத்துத் திட்டமிடலாமா?
(வாசகர், நீடாமங்கலம்)

தாராளமாக. எங்கள் பார்வையில் நம் பழமொழிகளில் மிக உறுதியானது இதுதான். புல்லில் பனி திரள, இரவில் மேகமில்லாத வானமும் அசையாத காற்றும் வேண்டும்; அப்போதுதான் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து குளிரும். மேகம் மூடினால் பனி இறங்காது. தை மாதம் விடியுமுன் வரப்பில் கால் நனைந்தால் அன்று பகல் மழைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு மூன்று நாள் கொட்டிய பனி திடீரென்று ஒரு காலை காணாமற்போய், இரவும் வெதுவெதுப்பாக இருந்தால் மேகம் வந்துவிட்டது என்று பொருள். அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தால் அன்றே ஆலோசியுங்கள்.

பனி மழையைத் தள்ளினாலும் நெல்லை நனைக்கும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். ஏழு மணிக்கே இயந்திரத்தை இறக்கினால் கதிரிலுள்ள பனி மணியோடு சேர்ந்து வந்து வரம்பைத் தாண்டும். மூட்டையில் சூடேறிக் கருக்கும். வெயில் ஏறி, தாளை உள்ளங்கையில் உருவினால் ஈரம் ஒட்டாத நிலை வந்த பின் தொடங்கவும். பெரும்பாலும் பத்து மணி ஆகும். மூடுபனி நாளில் இன்னும் தாமதம்.

"கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை." அப்படியானால் மார்கழியில் ஏரி மதகைத் திறந்து விடலாமா?
(வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தமிழ் மாதப்படி அது மார்கழி பிறந்த முதல் இரண்டு நாள். சொலவடை சராசரியைச் சொல்கிறது: மாநிலத்தில் நவம்பர்தான் உச்சம்; ஐப்பசிப் பின்பாதியும் கார்த்திகை முன்பாதியும் அதில் அடங்கும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரம் 49 செ.மீ. வாங்கியது கார்த்திகை நடுவில். ஆனால் தெற்கு மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் மழை தாமதித்து விடைபெறும். 2021 ஜனவரியில் பொங்கல் வேளையில் பெய்து, அறுப்புக்கு நின்ற சம்பாவைச் சாய்த்ததை டெல்டா மறக்கவில்லை. தமிழகத்துக்குச் சராசரியாக அக்டோபர்–டிசம்பரில் 44 செ.மீ. என்றால், அதுபோல் இரண்டு பருவத்தின் மழையையும் தாண்டிய அளவு காயல்பட்டினத்தில் ஒரே நாளில் விழுந்தது. மதகு விஷயத்தில் பழமொழியைக் கேட்காதீர்கள். வரத்தையும் கொள்ளளவையும் பார்க்கும் நீர்வளத் துறையின் கணக்கைக் கேளுங்கள்.

மார்கழிக் கர்ப்போட்டம் பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்கிறார்கள். எப்படிக் கணிக்கிறார்கள்? நம்பலாமா?
(வாசகர், விளாத்திகுளம்)

சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் ஏறத்தாழ 14 நாள், டிசம்பர் 28, 29-இல் தொடங்கி ஜனவரி 10, 11 வரை, கர்ப்போட்டக் காலம். அந்நாட்களில் மேகம் ஓடி, குளிர்ந்து, லேசாகத் தூறினால் வானம் கருக்கொண்டது. கடும் வெயிலடித்தாலோ பெருமழை கொட்டினாலோ கரு கலைந்தது. ஒவ்வொரு நாளும் வரப்போகும் மழைக்காலத்தின் 13, 14 நாளைக் குறிக்கும். கருக்கொண்ட 195-ஆம் நாள் பெய்யும் என்று ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் எழுதியிருக்கிறார். அதன்படி டிசம்பர் 29-க்கு ஜூலை 12 வரும். வட இந்தியாவின் மழைக்காலம் அது. நம் புன்செய்க்கு மழை வருவதோ அக்டோபரில்.

இன்னின்ன நாளில் மழை என்று இரண்டு வாரத்துக்கு அப்பால் துல்லியமாகச் சொல்ல இன்றைய பெருங்கணினிகளாலும் முடியவில்லை. காற்றின் சிறு மாறுதல் நாளாக ஆகப் பெருகிக் கணிப்பைக் குலைத்துவிடும். கர்ப்போட்டத்தை வைத்து விதை வாங்கவோ கடன் வாங்கவோ வேண்டாம். ஆனால் 14 நாள் விடாமல் மேகத்தின் திசை, குளிர், தூறல் மூன்றையும் குறித்து வைக்கும் வழக்கம் அருமையானது. அந்த நோட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

பள்ளு இலக்கியத்தில் மழைக்குறி வருகிறதாமே?
(மாணவி, பாளையங்கோட்டை)

உங்கள் ஊர் இலக்கியத்திலேயே இருக்கிறது. முக்கூடற்பள்ளில் ஆற்றில் நாளை வெள்ளம் வரும் என்பதற்கு அடுக்கிச் சொல்லும் குறிகள்: மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ மின்னுகின்றன, இரண்டு நாளாகக் காற்று கொம்பைச் சுற்றி அடிக்கிறது, கேணியில் சொறித்தவளை கூப்பிடுகிறது, நண்டு சேற்று வளையை அடைக்கிறது, வானம்பாடி ஆடுகிறது.

கவனிக்க வேண்டியது, அந்தக் குறிகள் மழைக்கு மட்டும் சொல்லப்படவில்லை, ஆற்று வெள்ளத்துக்குச் சொல்லப்பட்டன. தாமிரபரணி பிறப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில். முக்கூடலில் நின்றால் மேற்கே மின்னுவது மலையாள மின்னல்: நீர்ப்பிடிப்பில் மழை. தென்கிழக்கே மின்னுவது ஈழ மின்னல்: கடலிலிருந்து வரும் மழை. இரு பக்கமும் ஒருசேர மின்னினால் ஆறு தாங்காது. 'நாளை' என்ற சொல்லும் அளந்து வைத்தது. மலையில் பெய்தது சமவெளிக்கு வர நேரம் வேண்டுமல்லவா! ஒற்றைக் குறியை நம்பாமல் ஐந்தாறு குறி ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் அந்தப் பழக்கத்தை இன்றும் நாம் கற்கலாம்.

எங்கள் ஊர்ச் சொலவடை பலிக்கிறதா என்று நாங்களே சோதிக்க முடியுமா? பள்ளி அறிவியல் மன்றத்துக்கு வேண்டும்.
(ஆசிரியை, உசிலம்பட்டி)

மிக நல்ல வேலை. இரண்டு தேவை: ஒரு மழைமானி, ஒரு நோட்டு.

மழைமானிக்கு வாய் 11.3 செ.மீ. விட்டமுள்ள புனல் ஒன்றைத் தேடுங்கள். அதன் வாய்ப்பரப்பு 100 சதுர செ.மீ.; சேரும் ஒவ்வொரு 10 மி.லி.யும் 1 மி.மீ. மழை. வேறு அளவுப் புனலானால் நீரை மி.லி.யில் அளந்து, வாய்ப்பரப்பால் வகுத்து, பத்தால் பெருக்கவும். 20 செ.மீ. புனலுக்குப் பரப்பு 314. அதில் 157 மி.லி. சேர்ந்தால் 5 மி.மீ. புனலை ஐந்து லிட்டர் கேனில் செருகி, இடைவெளியை டேப்பால் அடைத்து, கேனைப் பாதி மண்ணில் புதைத்து, புனல் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்கும்படி நிறுத்துங்கள். தாழ வைத்தால் தரையில் விழுந்த துளி தெறித்து உள்ளே போகும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. நேரம் தவறினால் ஒரு நாள் மழை இன்னொரு நாள் கணக்கில் ஏறும். புனலில் இலை அடைப்பதும், வெயிலில் நீர் ஆவியாவதும் வழக்கமான கோளாறு. வெள்ளைத் துணி சுற்றி நிழல் கொடுங்கள். 2.5 மி.மீ. சேர்ந்தால்தான் அது மழை நாள். 64.5 தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதிகனமழை.

நோட்டில் குறி தெரிந்த நாளை மட்டும் எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குறி தெரியாத நாளையும் எழுதுங்கள். நான்கு கட்டம் போடவும்: குறி உண்டு மழை உண்டு, குறி உண்டு மழை இல்லை, குறி இல்லை மழை உண்டு, குறி இல்லை மழை இல்லை. எத்தனை மணி நேரத்துக்குள் பெய்தால் பலித்ததாகக் கொள்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 24 அல்லது 48. பிறகு மாற்றக்கூடாது. ஓர் உதாரணம்: கார்த்திகை முப்பது நாளில் தட்டான் தாழப் பறந்தது பத்து நாள், அதில் ஆறு நாள் மழை. "பத்துக்கு ஆறு!" என்று மகிழுமுன் மீதி இருபது நாளைப் பாருங்கள். அதில் பன்னிரண்டு நாள் பெய்திருந்தால் அதுவும் பத்துக்கு ஆறே. தட்டான் ஒன்றும் சொல்லவில்லை, கார்த்திகை தன் வேலையைச் செய்திருக்கிறது. அதனால் சோதனைக்கு மழை அன்றாடம் பெய்யாத மாதங்களே ஏற்றவை. சித்திரை, வைகாசியிலும் புரட்டாசியிலும் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். குறியைப் பார்ப்பவரும் மழையை அளப்பவரும் வேறு மாணவராக இருக்கட்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் மனம் ஒரு பக்கம் சாயும்.

கடலுக்குப் போகிறவர்கள் கரையில் அலையைப் பார்த்தே புயலைச் சொல்லிவிடுவார்களாமே?
(வாசகர், தங்கச்சிமடம்)

ஒரு எல்லை வரை முடியும். தொலைவில் புயல் எழுப்பும் நீண்ட அலை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். புயல் பெரும்பாலும் 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஆகவே அலை முன்னே வந்து சேரும். கரையில் காற்றே இல்லாமல், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 12 விநாடிக்கு மேல் எடுத்துக் கனத்து வந்து மோதினால், உள்ளே எங்கோ கடல் கொந்தளிக்கிறது. பத்து அலையின் நேரத்தை அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் குமரி, கேரளக் கரைகளில் வரும் கள்ளக்கடலும் இப்படியே இருக்கும். அதன் பிறப்பிடம் வெகு தெற்கே உள்ள பெருங்கடல். நம் பக்கம் புயல் இருக்காது.

அலை திசையைத் துல்லியமாகக் காட்டாது, கரைகடக்கும் இடத்தைச் சொல்லாது. பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டைப் பாருங்கள். 1, 2 என்றால் கடலில் தொலைவில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 1 ஏறும்போதே வலையைச் சுருட்டத் தொடங்குங்கள். காற்று திடீரென்று அடங்கி வானம் வெளுத்தாலும் படகைப் பார்க்கக் கரைக்கு ஓடக்கூடாது. புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும்.